மாப்பிள்ளை செய்து கொடுத்த இன்ஜின்

எங்கள் வீட்டுக்குள் நுழைய முன்பு இரண்டு வழி இருந்தது. கம்பம் ரோட்டிலிருந்து ஒர்க் ஷாப் வழியாக வரலாம், பின்னால் சந்து வழியாகவும் வரலாம். பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படி கட்டிச் சந்தை அடைத்ததிலிருந்து ஒரே வழிதான். அந்த ஒரே வழியில், என் அடுப்படிக்கும் கடைக்கும் நடுவில், போன கோடை முழுக்க ஆறு சிலிண்டர் லாரி இன்ஜின் ஒன்று இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. கடை என்றால் லாரி உதிரிபாகக் கடை. என் வீட்டுக்காரரின் ஒர்க் ஷாப்பை ஒட்டியே இருக்கிறது, கல்லாவில் நான் இருப்பேன். கடையிலிருந்து அடுப்பைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் அந்த இன்ஜினை ஒருக்களித்துத்தான் தாண்ட வேண்டும். நான் ஒல்லியும் இல்லை. அந்தக் கோடையில் ஆயில் கறை படாத சேலை என்று என்னிடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அது லாரிக்குப் போகிற இன்ஜினாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பேசமாட்டேன். லாரி இன்ஜின் வரும், போகும். இது படகுக்குப் போக வேண்டியது. தேனியை ஒட்டிய எங்கள் பழனிசெட்டிபட்டியில் படகு இன்ஜின் செய்தவர் என்று இதற்கு முன் யாரும் கிடையாது. டீக்கடையில் "என்ன, வைகை அணையில கப்பல் விடப் போறீகளா" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. இவருக்கு அந்தக் கேலியெல்லாம் மாலை போட்ட மாதிரி இருந்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தப் படகு என் அண்ணனுடையது.

நான் பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே, கடற்கரையில். அப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம், தேனிச் சந்தைக்கு லாரியில் சரக்கு கொண்டுவருவார். ஒருமுறை அந்த லாரி பழனிசெட்டிபட்டியில் மக்கர் செய்து நின்றது. அதைச் சரிசெய்தவர்தான் பிற்பாடு எனக்கு மாமனார் ஆனார். லாரி மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டது. நான் அடுத்த தையில் வந்து இங்கேயே நின்றுவிட்டேன். அலைச் சத்தத்தில் தூங்கிப் பழகியவளுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மலையாக இருந்தது. வந்த புதிதில் மூச்சு முட்டும். இப்போதும் சில நாள் முட்டுகிறது, வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன் ஒருவர்தான். அந்த வாசல் எப்போது அடைபடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்த சமயத்தில்தான் இந்த இன்ஜின் வந்தது. அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அண்ணன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். அந்த வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை இவர்தான். முறைப்படி முதல் மாலையும் வேட்டி துண்டும் இவருக்குத்தான் வர வேண்டும். அன்றைக்கு இருந்த கூட்டத்தில் யாரோ எடுத்துக் கொடுக்க, அண்ணன் முதல் மாலையைப் படகுச் சங்கத் தலைவருக்குப் போட்டுவிட்டார். இவருக்கு இரண்டாவது மாலை வந்தது. இவர் அதை வாங்கி நாற்காலியில் வைத்துவிட்டு, இலையில் உட்கார்ந்து மோரை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். திரும்பி வரும்போது ஆண்டிபட்டி கணவாய் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை வாய்க்கு வாய் மச்சான் என்றவர், அன்றிலிருந்து உங்க அண்ணன் என்றார்.

சண்டை என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் நேரில் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். அண்ணனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எனக்குப் போன் செய்து "மாப்பிள்ளைட்ட சொல்லு" என்பார். இவர் பக்கத்திலேயே நின்று கேட்டுவிட்டு "உங்க அண்ணன்ட்ட சொல்லு" என்பார். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு, அதில் உள்ள முள்ளை எடுத்துவிட்டுக் கொடுப்பது என் வேலை. வீட்டு வேலை, கடை வேலையோடு இதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அண்ணனின் விசைப்படகில் இன்ஜின் பிளாக், அதாவது அதன் இரும்பு உடம்பே, விரிசல் விட்டுவிட்டது. புது இன்ஜின் போடுவது நடக்கிற காரியம் இல்லை. கடற்கரையில் எல்லோரும் செய்வதுதான்: லாரியில் ஓடிய பழைய இன்ஜினை வாங்கி, படகுக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் பொருத்துவார்கள். அங்கேயே அதற்கென்று மெக்கானிக் இருக்கிறார்கள். அண்ணன் அதில் ஒருவரிடம் பேசியும் வைத்திருந்தார். இதெல்லாம் நான் ராத்திரி சாப்பாட்டின்போது வருத்தத்தோடு சொன்னேன். இவர் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, "எதுக்கு அங்கன போயி அலையணும்? இங்கனயே நான் செஞ்சு தாரேன்னு உங்க அண்ணன்ட்ட சொல்லு" என்றார்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இது இன்ஜினுக்காகச் சொன்ன பேச்சு இல்லை, அந்த மாலைக்காகச் சொன்ன பேச்சு. யாரை இரண்டாவதாக உட்காரவைத்தோம் என்று அண்ணன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இவருக்கு. அண்ணன் நிலைமை அதைவிட மோசம். வேண்டாம் என்றால் மாப்பிள்ளையை இன்னொரு தடவை அவமானப்படுத்தின மாதிரி ஆகும். நான் போனில் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன், "மாப்பிள்ளை செஞ்சா நல்லாத்தான் இருக்கும். சரின்னு சொல்லு" என்றார். அப்படியாகத்தான் மூன்று பேரும் மாட்டிக்கொண்டோம். தடைக்காலம் முடிகிற அன்று மற்றப் படகுகளோடு அண்ணன் படகும் கடலுக்குப் போய்விட்டால் இரண்டு வீடும் ஒட்டிக்கொள்ளும். போகாவிட்டால், இவர் கெடுத்தார் என்று அங்கே பேச்சு வரும், நம்பவில்லை என்று இங்கே பேச்சு வரும். அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு அந்த வாசலை மிதிப்பது?

இன்ஜின் உத்தமபாளையத்தில் கிடைத்தது. குமுளி மலையில் காய்கறி ஏற்றி ஓடிய லாரி, உடம்பு இற்றுப்போய் உடைப்புக்கு வந்திருந்தது, இன்ஜின் மட்டும் கல் மாதிரி இருந்தது. இவர் அதை அக்கு அக்காகப் பிரித்துச் சுத்தம் செய்தார். கெட்டிக்காரர்தான், அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. லாரி ஓடும்போது எதிர்க்காற்று அடித்து ரேடியேட்டர் தண்ணீரைக் குளிர்விக்கும். படகில் இன்ஜின் பலகைக்கு அடியில் இருட்டில் கிடக்கும், காற்று வராது. அதனால் ரேடியேட்டரையும் விசிறியையும் எடுத்துவிட்டு, கடல் தண்ணீரைப் பம்ப் வைத்து இழுத்துக் குழாய்க் கட்டுக்குள் ஓடவிட்டு அதைக் கொண்டு இன்ஜின் தண்ணீரைக் குளிர்விக்க வேண்டும். கூலர் என்பார்கள். லாரி கியர்பாக்ஸுக்குப் பதில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மாதிரி தள்ளுகிற படகு கியர். புகைக்குழாயைச் சுற்றி, அதன் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஓடுகிற ஒரு உறை. படகில் இன்ஜின் பின்பக்கம் சாய்ந்து நிற்கும் என்பதால் ஆயில் தொட்டியையும் வெட்டி ஒட்டினார். ஒவ்வொன்றுக்கும் யூடியூபில் வீடியோ பார்ப்பார், யாரோ மலையாளத்தில் பேசுவார், இவர் தலையாட்டுவார். அண்ணனைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லக்கூடிய விஷயத்துக்கு ஒரு சாயந்திரம் போகும்.

அண்ணனும் அங்கே சும்மா இருக்கவில்லை. தினமும் வீடியோ கால் வரும். நான் போனை இன்ஜின் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். படத்தில் தன் முகம் விழக்கூடாது என்று இவர் நகர்ந்து பீரோவுக்குப் பின்னால் நின்றுகொள்வார். அங்கிருந்து சத்தமாக என்னிடம் சொல்வார். அது அண்ணனுக்கு நன்றாகவே கேட்கும். கேட்டுவிட்டு அவரும் என்னிடம் பதில் சொல்வார். அது இவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் நடுவில் ஒரு தடவை திருப்பிச் சொன்னால்தான் அந்தப் பேச்சு செல்லும். கை வலிக்க வலிக்கப் போனைப் பிடித்துக்கொண்டு, "கடல் தண்ணி பம்ப் பெல்ட்டா, கியரான்னு அண்ணன் கேக்காக", "கியர்தானாம்ணே" என்று நான் ஒப்பித்துக்கொண்டிருப்பேன். அடுப்பில் குழம்பு தீய்ந்த வாடை வரும். இன்ஜினைத் தாண்டி ஓடவும் முடியாது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் கடையில் விற்காத சாமான் ஒன்று உண்டென்றால் அது தெர்மோஸ்டாட் வால்வு. இன்ஜினுக்குள் ஓடுகிற தண்ணீர் சூடாகும்வரை அதைக் குளிர்விக்க அனுப்பாமல் அடைத்து வைப்பதும், சூடான பிறகு திறந்துவிடுவதும் அதன் வேலை. டீசல் ஒழுங்காக எரிய இன்ஜினுக்கு ஒரு சூடு வேண்டும். ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில் லாரி எங்கே போனாலும் மலை ஏற வேண்டும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று பாரம் ஏற்றிக்கொண்டு வளைவுக்கு வளைவு ஏறும்போது இன்ஜின் கொதிக்கும். கொதிக்கிற இன்ஜினில் தண்ணீரை அடைக்கிற வால்வு எதற்கு என்று இங்குள்ள மெக்கானிக்குகள் முதல் வேலையாக அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். மாமனாரும் அப்படித்தான் செய்தார், இவரும் அப்படித்தான். புது லாரி எடுக்கிறவர்கள்கூட, பூஜை போட்ட கையோடு எங்களிடம் வந்து வால்வைக் கழற்றிவிட்டுத்தான் பாரம் ஏற்றப் போவார்கள். அந்த இன்ஜினிலும் வால்வு இல்லை. அதற்கான குழியைச் சுத்தமாகத் துடைத்து, மூடியை மாட்டி, பெயிண்டும் அடித்துவிட்டார் இவர். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நானும் இத்தனை வருஷம் இந்த ஊர்த் தண்ணீர் குடித்தவள்தானே.

ஒர்க் ஷாப்பில் டயர் பஞ்சர் பார்க்கிற சிமெண்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய தொட்டி கட்டி, அதில் பம்ப் குழாயைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டார். கேரளாப் பக்கமிருந்து சாரல் காற்று தொடங்கியிருந்த நேரம், தொட்டித் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. காலையிலிருந்து இன்ஜின் ஓடியது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். வீட்டுக்குள் பாத்திரமெல்லாம் நடுங்கியது, எனக்குத் தலை இரண்டாகப் பிளந்தது. அப்போது அண்ணன் கூப்பிட்டார். எந்தச் சூட்டில் ஓடுகிறது என்று மாப்பிள்ளையைக் கேட்கச் சொன்னார்.

இவர் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி வந்தார். "கைய வச்சுப் பாக்கச் சொல்லு. காலையில இருந்து ஓடுது, பச்சத்தண்ணி கணக்கா இருக்கு. சூடுங்கற பேச்சே இருக்காதுன்னு உங்க அண்ணன்ட்ட சொல்லு."

"சூடே ஆகலையாம்ணே" என்றேன்.

அண்ணன், "மாப்பிள்ளை என்ட்ட வேற ஏதும் கேக்கணும்னு சொன்னாவளா?" என்றார். இல்லை என்றேன். "சரிம்மா. கேட்டாச் சொல்லு" என்று வைத்துவிட்டார். தலைவலியில் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. இவர் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

தடைக்காலம் முடிய சில நாட்களே இருந்தபோது இன்ஜினை லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். நாங்களும் அதே லாரியில் முன்னால் உட்கார்ந்து போனோம். என் அடுப்படிக்கு வழி திறந்துவிட்டது என்று சந்தோஷப்படக்கூட முடியவில்லை. அண்ணன் வீட்டில் வரவேற்புக்குக் குறைவில்லை. அண்ணன் வீட்டுக்காரி, என் மதினி, வாசலிலேயே செம்பில் தண்ணீரோடு நின்றார். அண்ணன் இவரைப் பார்த்துக் கும்பிட்டார், இவரும் கும்பிட்டார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். பயணம் சௌகரியமாக இருந்ததா என்று மாப்பிள்ளையிடம் கேட்கச் சொன்னார் அண்ணன். இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்ஜின் படகில் இறங்கியது, பொருத்தியும் ஆயிற்று. வலை இல்லாமல் துறைமுக வாய்க்குப் பக்கத்திலேயே ஓட்டிப் பார்க்க அண்ணன் அனுமதி வாங்கியிருந்தார். ஆட்களைக் கூப்பிடவில்லை, தானே ஓட்டுவதாகச் சொன்னார். நான் கரையில் மதினியோடு நின்றேன். எங்கள் வீட்டில் பெண்கள் தொழில் படகில் ஏறும் வழக்கம் இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த நான் அண்ணன் படகில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. அண்ணன் படகில் ஏறி, இவரும் ஏறி, கயிற்றை அவிழ்க்கப் போகும்போது இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். நின்றுவிட்டு என்னைப் பார்த்தார்கள். மதினிக்குப் புரியவில்லை. அண்ணன், "அவ வந்தாத்தான் ஆவும்" என்றார்.

ஆக, நான் முதன்முதலாகக் கடலுக்குள் போனது இவர்கள் இருவருக்கும் வாயாக இருக்கத்தான். இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

கொஞ்ச தூரம் எல்லாம் நன்றாகவே இருந்தது. அண்ணன் வேகத்தைக் குறைத்து, வலை இழுக்கும்போது போகிற நிதானத்தில் படகை வட்டமடிக்க விட்டார். அப்படியே நெடுநேரம் ஓட்டினார். வெயில் ஏறியது. மலையில் எந்த வளைவிலும் தலை சுற்றாத இவருக்கு, மெதுவாக ஆடுகிற படகில் முகம் வெளுத்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்க்காமல் தன் செருப்பையே பார்த்தார். பின்னால் புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. முதலில் நூலாக வந்தது, போகப் போகப் படகின் பின்பக்கமே தெரியவில்லை. டீசல் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. அண்ணன் இன்ஜினை நிறுத்தி, கீழே இறங்கி ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவிக்கொண்டு வந்தார். அதை இவரிடம் நீட்டவில்லை. என்னிடம் நீட்டினார்.

லாரிக் கடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அதைப் படிக்கத் தெரியும். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிச் சமாளிக்கலாம், இதில் கூடியிருந்தது. மோந்து பார்த்தேன், டீசல் வாடை. எரியாத டீசல் கீழே இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது. இப்படியே ஓட்டினால் ஆயில் தண்ணீராகி பேரிங் போய்விடும், பிறகு இன்ஜினே கிடையாது. இவர் குச்சியைப் பார்த்தார். அண்ணன் நங்கூரத்தைப் போட்டார்.

கரை கண்ணுக்கு எதிரே தெரிந்தது. மதினியின் சிவப்புச் சேலைகூடத் தெரிந்தது. போக வழியில்லை. தடைக்காலத்தில் மற்ற விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. தடை இல்லாத நாட்டுப்படகு ஏதாவது திரும்பி வந்தால் கயிறு கட்டி இழுத்துப் போகச் சொல்லலாம். அதுவரை இந்தப் பலகை மேல் நாங்கள் மூன்று பேர், நிழல் என்று சொல்ல ஸ்டியரிங் இருக்கிற சின்ன அறை ஒன்று. அதற்குள் மூன்று பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். இவர் இனி இந்த ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார், என்னையும் விடமாட்டார். அண்ணன் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டார், அதனாலேயே இது ஆயுசுக்கும் ஆறாது.

அந்த நேரத்தில் அண்ணன், "மாப்பிள்ளைக்கு வாந்தி வருதான்னு கேளு, எலுமிச்சம்பழம் இருக்கு" என்றார். இவர் அண்ணன் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. எழுந்து நின்றேன்.

"இனிமே யார் சொன்னதையும் யார்ட்டயும் நான் சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன். ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு."

சொல்லிவிட்டுப் படகின் முன்முனைக்குப் போய், இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். பலகை சுட்டது. அங்கிருந்து எழுந்து போக வேறு இடமும் இல்லை. நெடுநேரம் கழித்து ஒரு நாட்டுப்படகு பக்கத்தில் வந்தது. அதில் இருந்தவர், என்ன அண்ணாச்சி, கயிறு போடவா என்று கேட்டார். அண்ணன் வேண்டாம், போ என்று கையைக் காட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். வெறுப்பாக இருந்தது. இழுத்துக்கொண்டு போகிற அவமானம் மாப்பிள்ளைக்கு வேண்டாமாம். அதற்காக நாங்கள் மூன்று பேரும் வெயிலில் கருவாடாக வேண்டும்.

அந்தப் படகு போன பிறகு இவர் எழுந்தார். பிடித்துப் பிடித்து நடந்து இன்ஜின் கிடக்கிற குழிக்குள் இறங்கினார். குழாய் ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்ப்பது தெரிந்தது. மேலே வரும்போது முகத்தில் மயக்கம் போய் வேறு ஏதோ இருந்தது. என்னைப் பார்த்தார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் அண்ணன் பக்கம் திரும்பி, "எல்லாம் ஜில்லுன்னு கெடக்கு. இது மலை ஏறுற வண்டி இல்லைல்ல. நான் வால்வ எடுத்திருக்கக் கூடாது, மச்சான். வால்வு வேணும்" என்றார்.

அண்ணன் உட்கார்ந்திருந்த பெட்டியிலிருந்து எழுந்து, அதன் மூடியைத் திறந்தார். உள்ளே அட்டைப்பெட்டியில் புது வால்வு, அதற்கான பேக்கிங், ஒட்டுகிற பசை, ஆயில் பில்டர், நான்கு கேன் புது ஆயில். பழைய ஆயிலைப் பிடிக்க ஒரு காலி கேன்கூட இருந்தது. காலையிலிருந்து அதன் மேல்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

இவர் வால்வைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத எப்ப வாங்குனீக?"

"சூடே ஆகாதுன்னு சொன்னீய பாருங்க, அன்னைக்கி."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல, மச்சான்?"

"மாப்பிள்ளை செஞ்ச வேலையில நான் எப்படிக் குத்தம் சொல்ல? ஒருக்கா உங்க மனச நோகடிச்சது போதாதா? ஓட்டிப் பாத்தா நீங்களே கண்டுபிடிச்சிருவீயன்னு இருந்தேன்."

இவர் சிரிக்க ஆரம்பித்தார். அண்ணனும் சிரித்தார். இரண்டு பேரும் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எனக்கு இரண்டு பேரையும் கடலில் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது. மாப்பிள்ளை மனம் கோணக்கூடாது என்பதற்காக அண்ணன், பிழைப்புக்கு இருக்கிற ஒரே இன்ஜினைக் கெட்டுப்போகிற அளவுக்கு ஓட்டியிருக்கிறார். அத்தனை நாள் நான் சோறு இறங்காமல் கிடந்தது, போனைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்தது எல்லாம் இந்தக் கூத்துக்கா? யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் அதற்குள் குழிக்குள் இறங்கி, "அந்த ஸ்பேனர எடுங்க மச்சான்", "பாத்து மாப்ள, கை சுட்டுரப் போவுது" என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

வால்வை மாட்டி, ஆயிலை மாற்றி, இன்ஜினை மறுபடி ஓடவிட்டார்கள். சூடு காட்டுகிற முள் மெல்ல ஏறி ஓரிடத்தில் நின்றது. புகை அடங்கியது. எங்கள் படகு தன் சொந்த வலுவில் கரைக்கு வந்தது. மதினி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் குளிக்கப் போகச் சொன்னார். அன்று பந்தியில் அண்ணன் இவருக்குத் தன் கையால் மீன் எடுத்து வைத்தார். இவர் ஒரு வாய்க்கு ஒரு மச்சான் போட்டார். எனக்கும் மனசு குளிர்ந்தது, பொய் சொல்லக்கூடாது. அந்த வாசல் இனி எனக்கு அடைபடாது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

தடைக்காலம் முடிந்த அன்று அண்ணன் படகு மற்றவர்களோடு கடலுக்குப் போனது. இரவு கரை திரும்பியதும் போன் வந்தது. என் போன் என் மடியில் இருந்தது, அடித்தது இவர் போன். இவர் எழுந்து, இன்ஜின் இருந்த இடத்தில் இப்போது காலியாகக் கிடக்கிற நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே பேசினார், சிரித்தார். அதிலிருந்து தினமும் அப்படித்தான். கியர் ஆயில், டீசல் பில்டர், அடுத்து இன்னொரு படகுக்கு இன்ஜின் பார்க்கிற பேச்சு என்று மச்சானும் மாப்பிள்ளையும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். நடுவில் யாரும் தேவைப்படவில்லை.

என்னோடு பேசிய நாட்களில் அண்ணன் பம்ப், பெல்ட் எல்லாம் கேட்டு முடித்த பிறகு போனை உடனே வைக்கமாட்டார். உன் கால் வீக்கம் எப்படி இருக்கு என்பார். மதினி என்ன குழம்பு வைத்தார் என்று சொல்வார். தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தது என்பார். சில நேரம் பேச்சு ஓய்ந்து இரண்டு பேரும் சும்மா இருப்போம், அப்போது அவருக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்கும். நானாகக் கூப்பிட்டால் இப்போதும் எடுக்கிறார், "இப்பத்தாம்மா மாப்பிள்ளைட்ட எல்லாம் பேசுனேன்" என்கிறார். அதற்கு மேல் என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நேற்று இவர் பேசி முடித்துவிட்டு வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன். சும்மா, இன்ஜின் பேச்சுதான் என்றார். என்னை விசாரித்தாரா என்று நாக்கு நுனிவரை வந்தது, கேட்கவில்லை. விசாரித்திருந்தாலும், அண்ணன் என்னைப் பற்றிச் சொன்னதை இனி இவர் வாயால்தானே நான் தெரிந்துகொள்ள வேண்டும்.